விபூதி போட்டுத் தேய்த்த ஆகாசம்

திருவனந்தபுரத்து ஆகாசத்தில் ஒரு காலை வேளை காணாமல் போயிருக்கிறது. யார் காரணம் என்று எந்த ரிஜிஸ்தரிலும் எழுதி வைக்கவில்லை. நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பாதியை அழித்தது நான். மீதியை அழித்தது என் அம்மா. இருவருக்குமே கெட்ட எண்ணம் கிடையாது. (கெட்ட எண்ணத்தோடு செய்கிறவர்கள் இத்தனை சுத்தமாகச் செய்ய மாட்டார்கள்.)

அது யுத்தத்துக்கு முந்திய காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. குன்றின் மேல் இருந்த வானிலை ஆபீஸில் தாற்காலிக வேலை. அப்பா ஆரியசாலையில் ஒரு மிளகாய் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். தமக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு மணை போட்டு வைக்கும்படி முதலாளியிடம் எப்போதோ சொல்லியிருந்தார். அந்த மண்டிக்குள் நான் கால் வைத்தால் போதும், தும்மல் ஆரம்பித்துவிடும். ஒருமுறை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான், தும்மிய தும்மலில் தூக்கைத் தவறவிட்டேன்; அன்று மண்டியில் எல்லோரும் ரசத்தில் நடந்தார்கள். ஆகவே என் ஜாதகம் மிக எளிமையானது. வேலை நிரந்தரமானால் குன்று, ஆகாவிட்டால் மிளகாய்.

ஆபீஸில் என்ன வேலை என்று கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும். பலூனில் ஹைட்ரஜன் வாயு அடைத்துப் பறக்க விடுவது. பிறகு தியோடலைட் என்கிற தொலைநோக்கிக் கருவியில் ஒற்றைக் கண்ணை வைத்து அது போகிற போக்கைப் பார்ப்பது. நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். அப்போது பலூன் எந்தத் திசையில், எத்தனை சாய்வில் இருக்கிறதென்று படித்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதிலிருந்து மேலே எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கணக்குப் போடலாம். மகத்தான விஞ்ஞானம்தான். ஆனால் பி.ஏ. படித்த பிள்ளை உற்சவத்துக் குழந்தை மாதிரி பலூன் விடுகிறான் என்று கரமனைத் தெருவில் தெரிந்தால் என்ன ஆவது? அதனால் அம்மா கேட்கும்போதெல்லாம் நான் ஒரே பதிலைச் சொல்லி வந்தேன்.

"ஆபீஸிலே என்னதாண்டா பண்றே அனந்து?"

"அதெல்லாம் சர்க்கார் ரகசியம் அம்மா. உனக்குப் புரியாது."

இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் தலைவர் பிள்ளைவாள் நாஞ்சில் நாட்டுக்காரர். மீசைக்காரர். கோபம் வந்தால் மீசைக்குத்தான் முதலில் தெரியும். அது ஒரு பக்கம் தூக்கும். அந்த வருஷம் வடக்கேயிருந்து அவர் பெயருக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. அதற்குள் இரண்டு கருவிகள். ஒவ்வொன்றும் ஒரு அலுமினியக் குழல். பார்வைக்குச் சின்னக் காபி பில்டர். அதற்குள் தபால் தலை அளவில் வெள்ளி முலாம் பூசிய தகடு. தகட்டின் மேல் ஓர் ஊசிமுனை. பெரிய பலூனில் இதைக் கட்டி விட்டால், மேலே போகப் போகக் குளிருக்குத் தகுந்தாற்போல் ஊசி நகர்ந்து தகட்டில் கீறிக்கொண்டே போகும். வெறும் கண்ணுக்கு ஒரு தலைமுடி ஒட்டியிருப்பது போலத் தெரியும். பூதக்கண்ணாடியில் வைத்தால், பத்து மைலுக்கு மேலே எத்தனை குளிர் என்று அந்தக் கீறல் சொல்லிவிடும்.

பலூன் வெடித்ததும் கருவி, தன் மூங்கில் கூட்டோடு எங்கேயாவது விழும். கண்டெடுக்கிற புண்ணியவான் திருப்பித் தந்தால்தான் உண்டு. முதல் கருவி போனது போனதுதான். மூன்று வாரமாகியும் தகவல் இல்லை. மிச்சம் ஒன்றே ஒன்று.

அதில் கட்டுவதற்கான சீட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியவன் நான். 'இது சர்க்கார் கருவி. கண்டெடுப்பவர் திறக்காமலும், துடைக்காமலும், உள்ளே விரல் படாமலும் வைத்திருந்து தகவல் தந்தால் தக்க சன்மானம் உண்டு.' 'துடைக்காமலும்' என்பதன் கீழே சிவப்பு மையால் மூன்று கோடு வேறு போட்டேன். (இந்த மூன்று கோட்டையும் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஆடி மாதம். இரண்டு நாள் மழை விட்டு வானம் வெளுத்திருந்த ஒரு காலையில் இரண்டாவது பலூனை விட்டோம். பிள்ளைவாள் கையாலேயே விட்டார். விட்டுவிட்டு, "கண்ணை எடுக்காதீரும் வே. இது போச்சுன்னா நானும் போச்சு, நீரும் போச்சு" என்று சொல்லிக் கீழே போனார். பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டியவருக்குக் காய்ச்சல். பார்ப்பதும் எழுதுவதும் நானே.

கடல் காற்று மேற்கிலிருந்து விசுவிசுவென்று அடித்தது. பலூன் ஒழுங்காகக் கிழக்கே போயிற்று. முப்பது நிமிஷம் எல்லாம் நேர். முப்பத்தோராவது நிமிஷம் பலூன் நின்றது. முப்பத்து மூன்றில் திரும்பியது. பிறகு வந்த வழியே என் தலையை நோக்கி வர ஆரம்பித்தது! நானும் கை தன் பாட்டுக்கு எழுத, குழாயை மேலே மேலே தூக்கி, நாற்பத்தைந்தில் கிட்டத்தட்ட மல்லாந்து, ஐம்பதில் எழுந்து சுற்றிப் போய் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தாறில் ஒரு மேகம் வந்து பலூனை மூடிற்று.

அப்போதுதான் நான் யோசித்தேன். (யோசிக்காமல் இருந்திருந்தால் குடும்பம் தப்பித்திருக்கும்.) ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியே பறக்கிற காற்றை எதிர்த்து ஒரு ரப்பர் பலூன் திரும்பி வருமா? நடக்கிற காரியமா? நான் நடுவில் பலூனை விட்டுவிட்டு ஏதோ பருந்தின் பின்னால் போயிருக்கிறேன் என்று முடிவு கட்டினேன். பருந்து என்றால் பிள்ளைவாள் சும்மா விடமாட்டார். மேலே காற்று கீழே போல இராது, திசையே மாறும் என்று அவர் கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. நான் முதல் அத்தியாயம் வரை படித்துவிட்டு, மடித்த வேஷ்டிக்கு மடிப்புக் கலையாமல் இருக்க அதை மேலே பாரமாக வைத்திருந்தேன்.

குறிப்புப் புத்தகத்தில் எதையும் அழிக்கக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். ரப்பரை எடுத்தேன். முப்பத்தொன்று முதல் ஐம்பத்தாறு வரை தேய் தேய் என்று தேய்த்தேன். அந்த இடத்தில் பலூன் மரியாதையாகக் கிழக்கே போய்க்கொண்டே இருக்கும்படி நல்ல நல்ல எண்களாக எழுதிக் கணக்குப் போட்டு, "நெடுமங்காட்டுக்கு அந்தண்டை மலையோரமா விழுந்திருக்கும் சார்" என்று பிள்ளைவாளிடம் சொன்னேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

"அப்போ நீரே போய் எடுத்திட்டு வாரும்."

இரண்டு நாள் நெடுமங்காட்டுப் பக்கம் தோப்பு தோப்பாக, மேலே பார்த்துக்கொண்டே அலைந்தேன். எதிரே வந்தவர்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எந்தா சாரே, பசு போயோ?" மாடு தொலைந்து போனவன் மேலே பார்த்துக்கொண்டு தேட மாட்டான் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. பலூன் என்று சொன்னதும் ஒரு அம்மாள் என்னை மிகுந்த பரிவோடு உட்கார வைத்து, மரச்சீனிக் கிழங்கும் மோரும் கொடுத்து, "வீட்டில் ஆருண்டு மோனே?" என்று விசாரித்தாள். என் வீட்டாருக்குச் சொல்லியனுப்ப உத்தேசம் போலும்.

வெறுங்கையோடு ஆபீஸுக்குத் திரும்பினால், பிள்ளைவாள் மேஜையில் ஒரு தபால் கார்டு. விழிஞ்ஞத்துப் பாதிரியார் எழுதியிருந்தார். கட்டுமரக்காரர் ஒருவர் கடலில் மூங்கில் கூடு ஒன்றைக் கண்டெடுத்து வைத்திருக்கிறாராம்.

பிள்ளைவாளின் மீசை மெல்லத் தூக்கியது. "நெடுமங்காட்டுல எப்போ வே கடல் வந்தது?"

உயிர் போகிற சமயத்தில் புத்தி வரும் என்பது மெய். "சார், மலையிலே விழுந்ததுதான். கரமனை ஆத்திலே விழுந்து, மழைத் தண்ணியோட அடிச்சுண்டு கடலுக்குப் போயிருக்கும்" என்றேன். கரமனையாறு அந்தப் பக்கத்து மலையிலிருந்துதான் வருகிறது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடி, கடலில் சேருகிறது. பிறந்ததிலிருந்து அதில் குளிக்கிறேன். அது எனக்குச் செய்த மிகப் பெரிய உபகாரம் இதுதான்.

அவர் நம்பினாரா, நம்பவில்லையா என்று தெரியவில்லை. "சரி, எப்படியோ கிடைச்சிட்டுல்லா. அந்தத் தகடு பத்திரமா வந்தா நாளைக்கே உம்ம நிரந்தரத்துக்கு எழுதிப் போடுதேன். வரலைன்னா, மண்டியில ஒரு மணை காலியா கிடக்காமே? உம்ம அப்பா சொன்னாரு" என்றார்.

அன்று மத்தியானமே விழிஞ்ஞம் போனேன். கண்டெடுத்தவர் பெயர் பத்ரோஸ். அவர் குடிசையில் மாதா படத்துக்குக் கீழே, புதுத் துணியில் சுற்றி, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது என் எதிர்காலம். கீழே விழுந்த வேகத்தில் கூடு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. குழலுக்குச் சேதமில்லை.

"அச்சன் வாயிச்சுத் தந்நு, சாரே. தொடருது, துடய்க்கருது. என்றெ பெண்ணும்பிள்ளையைக் கூடி அடுப்பிச்சிட்டில்ல" என்றார் பத்ரோஸ். பாதிரியார் சீட்டைப் படித்துச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு மனிதர் தம் பெண்டாட்டியைக்கூட அந்த ஆணிக்குப் பக்கத்தில் விடவில்லை. எழுத்துத் தெரியாத அவர் என் சீட்டை ஓர் எழுத்து விடாமல் அனுசரித்திருந்தார். சன்மானத்தைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாகச் சீட்டின் பின்பக்கத்தில் அவருடைய கைநாட்டு வேண்டும். ஆகவே சீட்டை அவிழ்த்தேன், கைநாட்டு வாங்கினேன், மை காய ஊதி, மடித்து, என் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். சிவப்புக் கோடு மூன்றும் என் பையில். கருவி என் கையில், அநாதையாக.

கரமனை வந்து சேரும்போது ஆபீஸ் சாத்தியாகிவிட்டது. கருவியிலிருந்தோ கருவாட்டு வாசனை ஊரைக் கூட்டியது. தெருவில் இரண்டு மூன்று வீட்டு ஜன்னல்கள் எனக்கு முன்னாலேயே சாத்திக்கொண்டன. வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது என்று எனக்கே தெரியும். கொல்லைப்பக்கமாகப் போய், கிணற்றடியில் ஒரு கல் மேல் வைத்தேன். அது என்ன கல் என்று நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் பத்துப் பாத்திரம் போடுகிற கல். அங்கே வைத்த சாமான் எதுவானாலும் விடிவதற்குள் தேய்த்துக் கவிழ்த்துவிடுவாள் அம்மா. தமக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கல்லில் எச்சில் தட்டு விடிந்து பார்த்ததில்லை என்று அப்பா சொல்வார்.

அம்மா கொல்லைக் கதவில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னடா அது, இப்படி நாறறது?"

"சர்க்கார் ரகசியம்."

"சர்க்கார் ரகசியம் மீன் நாத்தமா நாறுமோ?"

"உனக்குப் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டு நான் குளிக்கப் போனேன். அன்று நிரந்தர உத்தியோகஸ்தனாகத் தூங்கினேன். நல்ல தூக்கம்.

காலையில் கொல்லைப்புறம் வந்தால், ஒரு வாழையிலை விரித்திருந்தது. அதன் மேல் குழல், மூடி, சக்கரம், திருகாணி எல்லாம் தனித்தனியாக வரிசையாக உட்கார்ந்து வெயிலில் பளபளவென்று மின்னின. நடுவில் தபால் தலை அளவில் ஒரு குட்டிச் சூரியன்.

அம்மா முகத்திலும் அதே பிரகாசம். "பில்டர் மாதிரிதாண்டா, திருகினேன், கழண்டு வந்துது. பாத்தியா, நாத்தம் இருக்கா பாரு! அப்படியே ஆபீஸுக்குக் கொண்டு போனா உன்னைப் பத்தி என்ன நெனைப்பா? அம்மா இல்லாத பிள்ளைன்னு நெனைக்க மாட்டாளோ?"

நான் தகட்டைச் சுட்டிக் காட்டினேன்.

"அதா? அதிலே ஏதோ மயிரிழை மாதிரி கீறல் விழுந்திருந்தது. போவேனான்னுது. நானா விடுவேன்?"

"புளி போட்டா தேய்ச்சே?" என்றேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கு அதுகூடத் தெரியாதோ? குழலுக்குத்தான் புளி. அது வெள்ளியாக்கும்! வெள்ளிக்கு யாராவது புளி போடுவாளோ? விபூதி போட்டுத்தான் தேய்ச்சேன். பழனி விபூதி, கேட்டியா!"

நான் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சத்தம் போட்டு அழுதேன். பையிலிருந்து சீட்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'துடைக்காமலும்' வந்ததும் நின்றாள். மூன்று கோட்டையும் பார்த்தாள். அவள் முகம் சின்னதாகிப் போயிற்று.

"இதை ஏண்டா பையிலே வெச்சுண்டே?" என்றாள். சற்றுக் கழித்து, "தொடாதேன்னு ஒரு வார்த்தை சொன்னியாடா எங்கிட்டே?"

சொல்லவில்லை. புரியாது என்றுதான் சொன்னேன். எழுத்துத் தெரியாத பத்ரோஸுக்குப் புரிந்தது அம்மாவுக்குப் புரியாதென்று நானாக நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது வந்த வெட்கம், வேலை போகிற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஆபீஸில் பிள்ளைவாள் தகட்டைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"என் மீசை தெரியுது வே" என்றார் கடைசியில். "ஒவ்வொரு முடியும் தெரியுது. ஆகாசத்தைத்தான் காணல."

நடந்ததைச் சொன்னேன். விபூதி என்றதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பெருமூச்சு விட்டு, "சூடு போச்சு, போட்டும். காத்தாவது இருக்குல்லா? புஸ்தகத்தை எடும்" என்றார்.

காற்றாவது இருக்கிறதாம்! என் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. அவரே எடுத்துப் பிரித்தார். முப்பதாவது நிமிஷம் வரை கெட்டிக் காகிதம். அதற்குக் கீழே அப்பளமாக மெலிந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் தாராளமாக உள்ளே வந்தது. மீசை இரண்டு பக்கமும் தூக்கியதை அன்றுதான் பார்த்தேன்.

என்னைக் காப்பாற்றியது என் கெட்ட பழக்கம். சின்ன வயதிலிருந்தே நான் பென்சிலை அமுக்கி எழுதுகிறவன். (வாத்தியார் அதற்காக அடித்த அடி கொஞ்சமல்ல.) காகிதத்தின் பின்பக்கத்தில் பழைய எண்களெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றன. பிள்ளைவாள் அதை விரலால் தடவினார். "உக்காரும். ஒண்ணொண்ணா எடும்" என்றார். இரண்டு நாள் காகிதத்தின் பின்பக்கத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டி, நான் அழித்ததை நானே பொறுக்கினேன். நாற்பத்து நான்காம் நிமிஷம் வரை கிடைத்தது. அதற்கு அப்புறம் ரப்பர் காகிதத்தைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால், கீழே மேற்குக் காற்று. நாலு மைலுக்கு மேலே போனதும் நேர் எதிராகக் கிழக்குக் காற்று, சக்கைப்போடு போட்டிருக்கிறது. பலூன் பலூன்தான். பருந்து நான்தான், மூளை விஷயத்தில். ஆடிக் காற்று, அம்மி என்று யோசித்து அழித்ததை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"முதல்ல சரியாத்தானே எழுதியிருக்கீரு! கண்ணால பாத்ததை விட்டுட்டு அம்மியை நம்பினீராக்கும்?" என்று கேட்டுவிட்டு, அவர் என் ரப்பரைப் பிடுங்கி, நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டார். அவர் ஓய்வு பெறுகிற வரை அது அங்கேதான் தொங்கியது. வடக்கே என்ன எழுதினாரோ, எனக்குத் தெரியாது. என்னை மண்டிக்கு அனுப்பவில்லை. நிரந்தர உத்தரவு மட்டும் ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. அந்த நாற்பத்து நான்கு நிமிஷத்துக்காக வேலையை விட்டு வைத்தார் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் அப்பா தீர்ப்பு எழுதினார். "காத்தைப் பிள்ளை அழிச்சான். சூட்டை அம்மா அழிச்சா. பாக்கி இருக்கறது மழை ஒண்ணுதான். அதையாவது பகவான் பாத்துக்கட்டும்." இது எங்கள் உறவில் எல்லா வீட்டுக்கும் போயிற்று. என் கல்யாணத்தில் பெண் வீட்டார் சீர் வெள்ளியை வரிசையாக வைத்தபோது, சம்பந்தி மாமி அம்மாவிடம் வந்து, "மாமி, இதிலே ஒண்ணும் எழுதியிருக்கலே, நீங்க தாராளமா தேய்க்கலாம்" என்றாள்.

ஆனால் அப்பா தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே நானும் ஒரு காரியம் செய்தேன். அம்மாவைக் கூடத்தில் உட்கார வைத்து, பலூன், ஊசி, கிழக்குக் காற்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். "இவ்வளவுதானா? இதைப் போயா ரகசியம்னு சொன்னே!" என்றாள். அதன் பிறகு நான் எதைக் கையில் கொண்டுவந்தாலும், காய்கறிப் பையானாலும் குடையானாலும், வாசலிலேயே நிறுத்திக் கேட்பாள்: "இதைத் தேய்க்கலாமாடா அனந்து, இல்லே உள்ளே ஆகாசம் இருக்கா?" கடைசி வரை கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் எதையும் தொட்டாள்.

நான் ஓய்வு பெற்றபோது ஆபீஸில் ஒரு வெள்ளித் தட்டு கொடுத்தார்கள். என் பெயரும், ஆகாசத்துக்கு நான் செய்த சேவையும் அதில் வெட்டியிருந்தது. வருஷம் நாலைந்து ஆகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் மனைவி அதை எடுத்துக்கொண்டு, கை நிறைய விபூதியோடு என் எதிரே வந்து நின்று, மாமியார் கேட்ட கேள்வியைக் குரல் மாறாமல் கேட்கிறாள். நானும் தேய்க்கலாம் என்றே சொல்லி வருகிறேன். சேவை பூராவும் போய்விட்டது. பெயரில் இப்போது 'அனந்' வரை இருக்கிறது.